எழுதியவர் பெயர் கா.மு. ஷெரீப்

மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏறிவிட்டால், நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து கல்முனைக்கு வருவது பெரும் பாடு. அப்படிக் கல்லூரிக்கு வர முடியாமல் வீட்டில் இருந்த ஒரு நாளில்தான் இந்தக் கட்டுரைக்கான விதை விழுந்தது. உம்மம்மா முற்றத்துத் திண்ணையில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வானொலியில் பழைய பாட்டொன்று போனது. கணவன் வீடு திரும்பாத ஒரு பெண், சிட்டுக்குருவியைக் கூப்பிட்டுத் தன் மனக்குறையைச் சொல்லும் பாட்டு. உம்மம்மா சுளகை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். சாச்சியின் கணவர் அப்போது கட்டாரில் இருந்தார். இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. சாச்சி குசினிக்குள் இருந்தபடியே அந்தப் பாட்டைச் சேர்ந்து முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பாட்டு எந்தப் படம் என்று கேட்டேன். 'டவுன் பஸ்' என்றார் உம்மம்மா. பாடியது எம்.எஸ். ராஜேஸ்வரி என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுதியது யார் என்று கேட்டபோது கையை விரித்தார். தேடிப் பார்த்தேன். எழுதியவர் கவி கா.மு. ஷெரீப். நம்மவர் ஒருவர் என்று தெரிந்ததும் உம்மம்மாவின் முகத்தில் வந்த வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐம்பது அறுபது வருடமாக ஒருவருடைய சொற்களை வாயில் வைத்துக்கொண்டு, அவர் பெயரை ஒருநாளும் அறியாமல் இருந்திருக்கிறோம்.

அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கா.மு. என்பது காதர்ஷா முகம்மது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் திகதி, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் அபிவிருத்தீஸ்வரம் என்ற கிராமத்தில் பிறந்தார். இப்போது அது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை காதர்ஷா ராவுத்தர். காவிரி பாயும் நெல் வயல்களுக்கு நடுவே உள்ள ஊர். வரம்பும் வாய்க்காலும் வெள்ளாமையுமாக நம்முடைய பக்கம் போலத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஈஸ்வரம் என்று முடியும் பெயருள்ள ஊரில் ஒரு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. இரண்டு சமூகங்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிய ஊரில் வளர்ந்தவர் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவர் எழுதியவற்றைப் புரிந்துகொள்ள அது உதவும்.

பட்டம் பெற்றுக் கவிஞரானவர் அல்லர் அவர். தமிழைத் தாமாகவே தேடிப் படித்தவர். 1934இல் பெரியாரின் 'குடியரசு' ஏட்டில் அவருடைய முதல் கவிதை வெளிவந்தது. அப்போது அவருக்கு இருபது வயது. இளமையில் சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் நின்றவர், பிறகு காங்கிரஸுக்குப் போனார். அதன் பின் ம.பொ. சிவஞானம் 1946இல் தொடங்கிய தமிழரசுக் கழகத்தில் சேர்ந்து அதன் முன்னணியில் உழைத்தார். திருத்தணி உள்ளிட்ட வடக்கெல்லைப் பகுதிகள் தமிழர்களுக்குச் சேர வேண்டும் என்று போராடிய கழகம் அது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மேடையில் பேசுவது, ஏடு நடத்துவது, கவிதை எழுதுவது எல்லாம் அவருக்கு ஒரே வேலைதான். 'ஒளி', 'தமிழ் முழக்கம்', 'சாட்டை' என்று பல ஏடுகளை நடத்தினார். ஏடு நடத்தியவர்கள் பணக்காரர் ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவரும் ஆகவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு வழி சேலத்தில் கிடைத்தது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935 அளவில் நிறுவிய மோடர்ன் தியேட்டர்ஸ், சென்னைக்கு வெளியே இயங்கிய பெரிய படக் கம்பனி. ஒரு தொழிற்சாலை போல அது இயங்கியது. நடிகர், எழுத்தாளர், பாட்டெழுதுவோர், தச்சர், தையற்காரர் எல்லாரும் ஒரே வளவுக்குள் வேலை செய்வார்கள். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1949இல் வெளிவந்த 'மாயாவதி' படத்துக்கு ஷெரீப் பாட்டு எழுதினார். அதிலிருந்து அவருடைய சினிமா வாழ்க்கை தொடங்குகிறது.

அந்தக் காலச் சினிமாப் பாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதற்குப் பாட்டெழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். அதன் பிறகு வந்த படங்களில் முப்பது, நாற்பது, சிலவற்றில் அதற்கும் மேல் பாட்டுகள். தியாகராஜ பாகவதர் படங்களுக்குப் பாபநாசம் சிவன் எழுதியவை கர்நாடக சங்கீதக் கச்சேரி போலவே இருக்கும். ஷெரீப் வந்த நேரத்தில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. கதாபாத்திரம் பேசுவது போலப் பாட்டு இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. வயலில் வேலை செய்பவனும் பஸ் கொண்டக்டரும் கதாநாயகர்கள் ஆனார்கள். அவர்கள் வாய்க்கு ஏற்ற தமிழ் தேவைப்பட்டது. உடுமலை நாராயணகவி, மருதகாசி, கா.மு. ஷெரீப், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் ஆகியோர் அந்தத் தேவையை நிறைவேற்றியவர்கள். இந்தப் பட்டியலில் கடைசி இரண்டு பெயர்களும் எல்லாருக்கும் தெரியும். மற்றப் பெயர்களைச் சொன்னால் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் விழிப்பார்கள்.

மோடர்ன் தியேட்டர்ஸில் இருந்தபோது ஷெரீப் செய்த ஒரு காரியம் தமிழ்நாட்டின் வரலாற்றோடு சேர்ந்துவிட்டது. திருவாரூரில் இருந்த மு. கருணாநிதி அவருடைய நண்பர். சில படங்களுக்கு வசனம் எழுதியிருந்தாலும் கருணாநிதிக்கு அப்போது நிலையான இடம் கிடைத்திருக்கவில்லை. ஷெரீப் அவரைப் பற்றி டி.ஆர். சுந்தரத்திடம் எடுத்துச் சொன்னார். கருணாநிதி சேலத்துக்கு வந்தார். 1950இல் 'மந்திரி குமாரி' வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. இந்த உதவியைக் கருணாநிதி பிற்காலத்தில் மறக்காமல் எழுதியிருக்கிறார். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், இருவரும் அரசியலில் ஒரே பக்கம் நின்றவர்கள் அல்லர். ஒருவர் தி.மு.க. மற்றவர் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம். இந்த இரண்டு கட்சியினரும் மேடைகளில் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கிய காலம் அது. நட்பு அதற்குள்ளும் பிழைத்திருந்தது.

'மந்திரி குமாரி'யில் மருதகாசியும் ஷெரீபும் பாட்டெழுதினார்கள். இசை ஜி. ராமநாதன். எம்.ஜி.ஆர். கதாநாயகன். இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, ஹொலிவூட்டுக்குப் பக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகமொன்றில் சினிமா படித்துவிட்டு, 1935இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் தெரியாமலே 'சகுந்தலை', 'மீரா' போன்ற படங்களை இயக்கினார். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியில் இருந்து எடுத்த கதை, தி.மு.க. இளைஞரின் வசனம், ராவுத்தர் வீட்டுக் கவிஞரின் பாட்டு, அமெரிக்கரின் கமெரா. சேலத்துச் சினிமாக் கம்பனியின் ஒரே வளவுக்குள் இத்தனையும் சேர்ந்திருக்கின்றன.

1950களின் நடுப்பகுதிதான் ஷெரீபின் நல்ல காலம். 1955இல் 'டவுன் பஸ்'. 1956இல் சிவாஜி நடித்த 'நான் பெற்ற செல்வம்'. 1957இல் 'முதலாளி'. 1958இல் 'அன்னையின் ஆணை'. 1961இல் 'பணம் பந்தியிலே'. இவை ஒவ்வொன்றிலும் ஊர் முழுக்கப் பரவிய பாட்டொன்றாவது அவருடையது. 'முதலாளி' படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடும் ஏரிக்கரைப் பாட்டைக் கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. குளக்கட்டு வழியாகச் சைக்கிளில் போகும் வயதானவர்கள் இப்போதும் அதைப் பாடிக்கொண்டு போவார்கள். கே.வி. மகாதேவன் இசை. எழுதிய வரிகளை முதலில் வாங்கிக்கொண்டு, அவற்றின் ஓசைக்கு ஏற்ப மெட்டமைப்பதை விரும்பியவர் மகாதேவன் என்று சொல்வார்கள். அந்தப் பாட்டைச் சொல்லாகப் படித்துப் பார்த்தாலே அது நடக்கும் நடை தெரியும்.

'நான் பெற்ற செல்வம்' பாட்டு வேறு வகை. ஒருவன் நன்றாக இருந்தாலும் குறை சொல்வது, நொடிந்து போனாலும் குறை சொல்வது என்று உலகத்தின் வாயைப் பற்றியது. எங்கள் வீட்டில் இது அடிக்கடி நினைவுக்கு வரும். சாச்சி தையல் பழகப் போனபோது ஊர் ஒன்று சொன்னது. பழகி முடித்து வீட்டிலேயே மெஷின் போட்டுச் சம்பாதிக்கத் தொடங்கியபோது வேறொன்று சொன்னது. அப்போதெல்லாம் உம்மம்மா பதில் பேசாமல் இந்தப் பாட்டின் மெட்டை மட்டும் இழுப்பார். அதுவே போதும்.

ஷெரீபின் பாட்டுகளில் சமஸ்கிருதச் சொற்கள் குறைவு. உவமைகள் அடுக்கடுக்காக வருவதும் இல்லை. வீட்டில் பேசும் சொற்களை எடுத்து, எதுகை மோனை தானாக விழுந்தது போல வைத்துவிடுவார். கண்ணதாசனின் பாட்டைக் கேட்டால் கண்ணதாசன் என்று தெரியும். பட்டுக்கோட்டையின் பாட்டிலும் அப்படித்தான். ஷெரீபின் பாட்டைக் கேட்டால் அந்தப் பெண் பேசுகிறாள், அந்தத் தகப்பன் பேசுகிறான் என்றுதான் தோன்றும். அவர் மறைந்துபோனதற்கு அவருடைய திறமையே ஒரு காரணமோ என்று சில வேளை நினைத்ததுண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. அது சட்டம் பற்றியது. சினிமாவுக்குப் பாட்டெழுதுபவர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பாட்டைக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு இசைத்தட்டாக விற்றாலும், வானொலியில் ஆயிரம் தடவை போனாலும் அவருக்கு எதுவும் வராது. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்காக எழுதி வாங்கிய பாட்டின் உரிமை தயாரிப்பாளருடையது என்றே தீர்ப்புச் சொன்னது. 2012இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பாட்டெழுதுவோருக்கும் இசையமைப்பாளருக்கும் வருமானத்தில் பங்கு உண்டு என்று ஆனது. ஷெரீபுக்கு அது மிகவும் பிந்திப்போனது.

அமெரிக்காவில் இது வேறு விதமாக நடந்தது. ரஷ்யப் பேரரசில் பிறந்து, சிறு வயதில் நியூயோர்க்குக்கு வந்து, தெருவில் பத்திரிகை விற்ற ஏழை யூதப் பையன் ஒருவர் அங்கே பெரிய பாடலாசிரியர் ஆனார். பெயர் ஏர்விங் பேர்லின். ஹொலிவூட்டின் பேசும் பட காலத்தில் அவருடைய பாட்டுகள் இல்லாத வருடம் அரிது. அமெரிக்காவில் பாட்டெழுதுவோர் தங்கள் உரிமையைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் தொடக்க உறுப்பினர்களில் பேர்லினும் ஒருவர். அந்தச் சங்கம் அமைந்த வருடம் 1914. நம்முடைய ஷெரீப் பிறந்த அதே வருடம். பேர்லின் தன் பாட்டுகளை அச்சிடத் தானே கம்பனி வைத்தார், 101 வயது வரை வாழ்ந்தார், செல்வத்தோடு இறந்தார். அவருடைய பாட்டுகளுக்கு மேலே அவருடைய பெயர் இருந்தது.

பேர்லினைப் பற்றி இன்னொரு சேதி. மேற்குலகில் கிறிஸ்துமஸ் காலத்தில் எல்லா வீடுகளிலும் ஒலிக்கும் புகழ்பெற்ற பாட்டொன்றை எழுதியவர் இந்த யூதர்தான். யாரும் அதைப் பெரிய குற்றமாக எடுக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஷெரீபின் வாழ்க்கையிலும் இப்படியொரு சிக்கல் இருக்கிறது.

1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில், விறகு விற்பவனாக வரும் சிவபெருமான் பாடுவதாக ஒரு பாட்டு வரும். சௌந்தரராஜன் பாடியது. படத்தின் பெயர்ப் பட்டியலில் பாடல்கள் கண்ணதாசன் என்றே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பாட்டை உண்மையில் எழுதியவர் கா.மு. ஷெரீப் என்று எழுத்தாளர் ஜெயகாந்தன் பதிவு செய்திருக்கிறார். படத்தை எடுத்த ஏ.பி. நாகராஜனும் ஷெரீபும் தமிழரசுக் கழகத்தில் ஒன்றாக இருந்தவர்கள். 'டவுன் பஸ்', 'நான் பெற்ற செல்வம்' ஆகிய படங்களிலும் ஒன்றாக வேலை செய்தவர்கள். கண்ணதாசனின் அன்பர்கள் ஜெயகாந்தன் சொல்வதை ஏற்பதில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த வழக்கு தீரவில்லை. உயர்தரம் படிக்கும் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி வருகிறது. தன் பாட்டுக்குத் தன் பெயர் இல்லாத ஒரு தொழிலில் இருந்தவருக்கு, அது தன்னுடையது என்று நிரூபிக்க என்ன சாட்சி இருக்க முடியும்?

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்த்த குறிப்புகளை மாமாவிடம் காட்டினேன். அவர் மார்க்கத்தில் பேணுதலானவர், தமிழும் நன்றாகத் தெரிந்தவர். சிவனைப் பற்றிய பாட்டு அவருடையதோ இல்லையோ, 'அன்னையின் ஆணை'யில் தாயைப் பற்றி ஷெரீப் எழுதியதிலேயே மாமாவுக்கு மனத்தாங்கல் இருந்தது. தாயைத் தெய்வத்தோடு சேர்த்துப் பேசும் வார்த்தையை ஒரு முஸ்லிம் கவிஞர் எழுதலாமா என்று கேட்டார். சினிமாவே நமக்கு எதற்கு என்றும் கேட்டார். ஒரு கல்லூரி மலரில், அதுவும் பெண்பிள்ளைகள் வாசிக்கும் மலரில், இவரைப் பற்றித்தானா எழுத வேண்டும் என்பது அவருடைய மூன்றாவது கேள்வி.

நான் உடனே பதில் சொல்லவில்லை. மாமா கேட்டதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பெற்றோர் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். நான் நினைப்பது இதுதான். படத்தில் அந்தப் பாட்டைப் பாடுபவன் ஒரு கதாபாத்திரம். அவனுடைய வீட்டில், அவனுடைய நம்பிக்கையில் தாய்ப்பாசத்தை எப்படிச் சொல்வானோ அப்படி எழுதிக் கொடுப்பது கவிஞரின் தொழில். தாயின் காலடியில் சுவர்க்கம் இருக்கிறது என்று நமக்குச் சொல்லித் தந்த மார்க்கத்தில் வளர்ந்த ஒருவருக்குத் தாயைப் பாடுவது அந்நியமான விடயமா? சொல் மாறுகிறது, உணர்ச்சி அதேதான். ஷெரீப் தன் சொந்த நம்பிக்கையை எங்கே வைத்தார் என்று பார்க்க வேண்டுமானால் சினிமாவுக்கு வெளியே அவர் எழுதியவற்றைப் பார்க்க வேண்டும்.

அவை ஏராளம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது 'நபியே எங்கள் நாயகமே' எழுதினார். 'இறைவனுக்காக வாழ்வது எப்படி?' என்று உரைநடை நூல் எழுதினார். 'இஸ்லாம் இந்து மதத்திற்கு விரோதமானதா?' என்று இன்னொன்று. உமறுப் புலவருக்குத் துணை நின்ற கீழக்கரை வள்ளலைப் பற்றி 'வள்ளல் சீதக்காதி'. ஸபா நாட்டு அரசியைப் பற்றிப் 'பல்கீஸ் நாச்சியார் காவியம்'. குர்ஆனில் சூரா நம்லில் வரும் அந்த அரசியை நாம் அறிவோம். ஸுலைமான் நபியிடமிருந்து கடிதம் வந்தபோது தன் பிரதானிகளைக் கூட்டி ஆலோசனை கேட்டவர். அவசரப்பட்டுப் போருக்குப் போகாதவர். உண்மையைக் கண்டபோது ஏற்றுக்கொண்டவர். ஒரு நாட்டை ஆண்ட பெண்ணைக் காவியத் தலைவியாக்கிப் பாட நம்மவர் ஒருவர் இருந்திருக்கிறார். பெண்கள் கல்லூரி ஒன்றின் மலரில் அவரைப் பற்றி எழுத இந்த ஒன்றே போதாதா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

அதே கவிஞர்தான் 'மச்சகந்தி' என்ற பெயரிலும் ஒரு காவியம் பாடினார். மகாபாரதத்துச் சத்தியவதியின் பெயர் அது. ஒரு கையால் பல்கீஸ் நாச்சியாரையும் மறு கையால் மச்சகந்தியையும் எழுதியவருக்கு, ஈஸ்வரம் என்று பெயருள்ள ஊரில் பிறந்த ராவுத்தர் பிள்ளைக்கு, இதில் முரண்பாடு எதுவும் தெரிந்திருக்காது.

அவருடைய பெரிய உழைப்பு சீறாப்புராணத்துக்கு எழுதிய உரை. உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைப் பாடிய காப்பியம் சீறா. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள், 5027 விருத்தங்கள். நம்முடைய கிழக்கிலங்கையில் ஒரு காலத்தில் சீறா படிப்பது வழக்கமாக இருந்தது. ஒருவர் இராகத்தோடு பாட, மற்றவர் பொருள் சொல்வார். உம்மம்மாவின் வாப்பா அப்படிப் படித்தவராம். இப்போது பாடப் புத்தகத்தில் சில விருத்தங்கள் வந்தால் மட்டும் படிக்கிறோம். அதற்கும் அகராதி வேண்டியிருக்கிறது. பாலைவனத்து மக்காவை மருத நிலம் போல உமறுப் புலவர் பாடியிருப்பார். அந்தப் பழைய விருத்தத் தமிழுக்குள் அரபுச் சொற்களும் கலந்திருக்கும். தமிழ் இலக்கணமும் இஸ்லாமிய வரலாறும் இரண்டும் தெரிந்தவரால்தான் அதற்கு உரை எழுத முடியும். ஷெரீப் சீறாவைப் பற்றி மேடைகளில் பேசியும் வந்தார், பல பகுதிகளாக உரையும் எழுதினார். சினிமாவுக்கு மூன்று நிமிடப் பாட்டு எழுதிய கைக்கு ஆயிரக்கணக்கான விருத்தங்களோடு உட்காரும் பொறுமையும் இருந்தது.

1960களில் அவருடைய சினிமாப் பாட்டுகள் குறைந்துவிட்டன. கண்ணதாசனின் காலம் வந்தது, பிறகு வாலியின் காலம். ஷெரீப் புத்தகங்களோடும் மேடைகளோடும் இருந்தார். தமிழ்நாட்டு அரசு அவருக்குக் கலைமாமணி விருது கொடுத்தது. 1994ஆம் ஆண்டு ஜூலை மாதம், எண்பது வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், வபாத்தானார். பின்னர் அவருடைய நூல்களைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதாவது குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம் என்று ஆக்குவது. நம் ஊரில் ஒருவர் பல்கீஸ் நாச்சியாரைப் பதிப்பிக்க விரும்பினால் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இதுவரை யாரும் முன்வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இலங்கை வானொலிக்கு இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். மயில்வாகனம் காலத்திலிருந்து அப்துல் ஹமீத் காலம் வரை, ஷெரீபின் பாட்டுகளை வயல்வாடிகளுக்கும் குசினிகளுக்கும் கொண்டுவந்தது அந்த வானொலிதான். தமிழ்நாட்டிலேயே பலர் இலங்கை வானொலியைத் திருப்பித்தான் பழைய பாட்டுக் கேட்டார்கள். படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் உம்மம்மாவுக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

போன வருட மலரில் என்னுடைய கவிதையொன்று வந்தது. அதன் கீழே பெயர் இல்லை. உயர்தர மாணவி ஒருத்தி என்று மட்டும் இருக்கும். அப்படிப் போடச் சொன்னது நான்தான். பெண்பிள்ளையின் பெயர் அச்சில் வருவது வீட்டாருக்குப் பிடிக்காதோ என்று பயந்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை, நானாகவே முடிவு செய்தேன். மலர் வீட்டுக்கு வந்தபோது வாப்பா அந்தக் கவிதையை வாசித்துவிட்டு, இதை எழுதிய பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று என்னிடமே விசாரித்தார். நான் பதில் சொல்லவில்லை. ஷெரீபைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த விசாரணை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. இந்த மாதம்தான் வாப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பழைய மலரை எடுத்து வரச் சொன்னார். அந்தக் கவிதையின் கீழே தன் பேனாவால் என் பெயரை எழுதினார்.

கட்டுரையை எழுதி முடித்து உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாச்சியும் வந்து இருந்து கேட்டார். சிட்டுக்குருவிப் பாட்டைப் பற்றிய பகுதி வந்தபோது எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மாமா வாசலில் நின்றபடி கடைசி வரை கேட்டார். சினிமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சீறா உரை கொழும்பில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.